பின் சில்லு காத்துப் போட்டுது

கலியாணமான அடுத்த வருஷம் மதியழகன் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு வீட்டோடு மருமகனாக வந்து நாலு மாதமாகியும், மாமனார் தியாகராசா தம் ஜேர்மன் காரின் சாவியை அவனிடம் கொடுத்தது போன கிழமைதான். திருச்சிக்காரன், கொம்பியூட்டர் வேலை, நல்ல பிள்ளை, எல்லாம் சரி. ஆனால் கார் என்பது தியாகராசாவுக்குப் பெற்ற மகளுக்கு அடுத்தது. அந்த மகள் சாருஜாவை, ஏழு மாத வயிற்றோடு, விடிந்தால் அதே காரில் கொழும்பு டாக்டரிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

இப்போது கார் வீட்டு வளவுக்குள், பின்பக்கம் தூக்கிய ஜக்கில் நிற்கிறது. டயர் கடை கொலின்ஸ் பின் சில்லைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். நடுவிலே ஓர் ஆணி.

"ரன்ஃபிளாட் டயர் ஐயா இது. காத்தில்லாட்டியும் குந்தாது, ஓடும். அதிலைதான் வில்லங்கம். அப்பிடி ஓடினதெண்டால் பக்கம் உள்ளுக்கை நொந்துபோகும், சிலவேளை கண்ணுக்கும் தெரியாது. பிறகு தூரப் பயணத்திலை வெடிக்கும். ஓடேல்லை எண்டால் வடிவா ஒட்டித் தரலாம். ஓடினதோ?"

"ஒரு அடி ஓடேல்லை!" தியாகராசா நெஞ்சை நிமிர்த்தினார். "நேற்று உள்ளுக்கை விடேக்கைதான் காத்துக் குறைஞ்ச லைற் பத்தினது. ஓடக்கூடாதெண்டுதானே உம்மை இஞ்சை கூப்பிட்டனான். மருமோனுக்கும் அப்பவே சொல்லிப்போட்டன், பின் சில்லு காத்துப் போட்டுதெண்டு."

பக்கத்தில் நின்ற மதியழகனுக்கு அப்போதுதான் அந்தச் சொல் விளங்கியது. நேற்றுக் கோயிலுக்கு வெளிக்கிடும்போது மாமா அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். திருச்சிக் காதோ, காற்றைப் போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டது. சாருஜா அவனோடு அவன் பாசையிலேயே கதைத்துப் பழகியவள். சில்லு என்றால் சக்கரம் என்று சொல்லிக்கொடுத்தவள், போட்டுது என்றால் போய்விட்டது என்று சொல்லிக்கொடுக்கவில்லையே! காற்றும் அடித்து வைத்திருக்கிறார், என்ன மனுஷன் என்று உருகி, காரை எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டையில் ஒரு நண்பனைப் பார்த்து வந்தான். பாழாய்ப்போன டயரும் நெளியாமல் நின்றது. எரிந்த லைற்றை, காற்றடித்த பிறகு மாமா அணைக்க மறந்தது என்று நினைத்தான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கொலின்ஸ் ஒட்டிவிடுவார், மாமாவின் முகம் கோணாது, சாவியும் கையை விட்டுப் போகாது. விடிய சாருஜா வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின் சீற்றில், அந்தச் சில்லுக்கு மேலேயே ஏறி இருப்பாள். சீ, இதுவும் ஒரு யோசனையா? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"மாமா, வண்டி ஓடுச்சு. நான்தான் நேத்து வட்டுக்கோட்டை போயிட்டு வந்தேன். நீங்க காத்து அடிச்சு வச்சிருக்கீங்கன்னு நினைச்சுட்டேன்."

கொலின்ஸ் கையிலிருந்த ஆணி பிடுங்கும் குறட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். "அப்ப நான் ஒட்ட மாட்டன். புது டயர்தான். கொழும்பாலை வர ஒரு கிழமை செல்லும்."

தியாகராசா விறுவிறென்று வீட்டுக்குள் போனார். மாமி பாலேஸ்வரி வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. விஷயத்தைக் கேட்ட சாருஜா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கொழும்பு ரயிலுக்கு இடம் பிடித்தாள். மதியழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, வெளியே ஜக்கில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் மாமா வந்து முன்னால் நின்றார்.

"தம்பி, கோவம் போட்டுது."

மதியழகன் துள்ளி எழும்பினான். காலையில்தான் படித்த சொல். என்றாலும் ஒருமுறை அந்தச் சொல்லை நம்பிக் கார் ஓட்டியவன், இன்னொருமுறை நம்புவானா?

"மன்னிச்சிருங்க மாமா..."

"எட, போட்டுது எண்டுறன்!"

"போட்டுதுன்னா... வந்துருச்சா மாமா, போயிருச்சா?"

தியாகராசா சிரிக்கப் பார்த்தார், கண்தான் கலங்கியது. "நீர் பேசாமல் நிண்டிருந்தா, என்ரை பிள்ளையை நானே அதிலை ஏத்தி அனுப்பியிருப்பன்." சாமிப்படத்தடியில் கிடந்த சாவியை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். பிறகு, அவனுக்கு விளங்கவேண்டுமே என்று, எழுத்துக் கூட்டி வாசிப்பவர்போல மெல்லச் சொன்னார்.

"போ-யி-ருச்-சு."