மூன்றாவது சிப்பம்

துலாபாரத் தட்டில் சண்முகையா சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது முத்துமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னே இருக்காதா? போன வருசம் இதே கோமதியம்மன் முன்னால் நின்று, "என் வீட்டுக்காரர் எடை இறங்கட்டும் தாயே, எடைக்கு எடை வெல்லம் போடுதேன்" என்று வேண்டிக்கொண்டவள் அவள்தானே.

சண்முகையா உரக்கடைக்காரர். வாலிபத்திலிருந்து ஊதித் தள்ளிய சிகரெட்டைத் திடீரென்று ஒருநாள் விட்டார். விட்ட வாய் சும்மா இருக்குமா? முறுக்கும் மிக்சருமாக உள்ளே போய் வயிறு முன்னால் வந்தது, கூடவே சர்க்கரையும் வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் எவனோ ஒருத்தன், "அண்ணாச்சிக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டுத் தொலைத்தான். மறுநாளே சிகரெட் திரும்பி வந்துவிட்டது.

"இதைக் குடிச்சாத்தான் பசி அடங்குது" என்றார்.

சர்க்கரையில் காலை இழந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் முத்துமாரி. சிகரெட்டாவது வயிற்றை வற்றவைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வயிறு வற்றியது. அப்புறம் கன்னம் வற்றியது, தோள் வற்றியது. கடைப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. பார்த்தவர்களோ, "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீகளே அண்ணாச்சி" என்று ஏற்றிவிட்டார்கள். ராஜபாளையத்தில் நர்ஸாக இருக்கும் மகள் சுமதி மட்டும் போனில் நச்சரித்தாள்.

"சிகரெட் குடிக்கிறவுக காரணமில்லாம மெலிஞ்சா சும்மா விடக் கூடாதும்மா. அப்பாவை நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லு."

"வியாதியெல்லாம் குண்டனுக்குத்தான்ட்டி" என்று சண்முகையா குறுக்கே விழுந்தார். "நான்தான் இப்ப ஒல்லியாச்சே."

"யாருப்பா அப்படிச் சொன்னா? சிகரெட் குடிக்கிறவுகள்ல ஒல்லியா இருக்கவுகளுக்குத்தான் நுரையீரல் கேன்சர் கூடுதலா வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுதாக."

முத்துமாரிக்கு எரிச்சல் வந்தது. "அம்பாள் குடுத்த வரத்துல கண்ணு வைக்காதட்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

வெல்லம் வாங்கும்போதும் பழைய சண்முகையாதான் அவள் மனசில் இருந்தார். தட்டில் குறைந்தால் தெய்வக் குற்றம். அதனால் வேண்டிக்கொண்ட அன்று அவர் இருந்த கனத்துக்கே மூன்று சிப்பம் வாங்கினாள். அந்த மூட்டை ஒவ்வொன்றையும் ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கோயில் பணியாளர் முதல் சிப்பத்தை அவிழ்த்து எதிர்த்தட்டில் அடுக்கினார். சண்முகையா அசையவில்லை. இரண்டாவதை அவிழ்த்தார். அது தீரும் தறுவாயில் சண்முகையா மெல்ல மேலே போனார்.

"போதும்மா" என்றார் பணியாளர். "அண்ணாச்சி உங்களுக்கு ஒரு சிப்பம் மிச்சம் பிடிச்சுக் குடுத்துட்டாக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துமாரியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். கட்டு அவிழாமல் கிடந்த மூன்றாவது சிப்பத்தின் மேல் கண் போனது. இரண்டு பேர் தூக்கி இறக்கிய பாரம். அதுவும் இவர்தான். காலை நடைக்குப் போகாத, சிகரெட் திரும்பி வந்த பின்னும் ஒரு பண்டத்தைக் குறைக்காத மனுசனிடமிருந்து இவ்வளவும் எங்கே போனது?

சண்முகையா தட்டிலிருந்து இறங்கிக் கல்படியில் உட்கார்ந்தார். இருமினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இடுப்பு மடியில் சிகரெட் பெட்டியைத் தேடினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எந்திரிங்க. சுமதிக்குப் போன் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கிறுக்காட்டி உனக்கு? வேண்டுதல் பலிச்ச அன்னைக்கா?"

"பலிச்சிருச்சு. நான் கேட்டதை அம்பாள் அப்படியே குடுத்துட்டா" என்றாள் முத்துமாரி. "எனக்குத்தான் கேக்கத் தெரியல."

சண்முகையா அவள் பார்வை போன பக்கம் பார்த்தார். சிப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசலைத் தாண்டும்போது பணியாளர் பின்னாலேயே வந்தார். "யம்மா, மிச்ச வெல்லத்தை ஆட்டோவுல ஏத்தட்டுமா?"

"வேண்டாம், அங்கனயே கிடக்கட்டும்" என்றாள் முத்துமாரி. "இவுகளைத் திரும்பக் கூட்டிட்டு வாரேன். அன்னைக்கு மூணையும் வச்சு நிறுக்கணும்."