அன்று மதியம் வெந்த உருளைக்கிழங்கு

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்தது என்று சொன்னால் அது பொய். அக்கா கேட்டாள், எழுதுகிறேன். பத்திரிகைகளுக்குக் கண்டதையும் எழுதுகிறவன் சொந்த அத்தானைப் பற்றி ஒரு பக்கம் எழுதக் கூடாதா என்றாள். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக எழுதியிருப்பேன்.

"எழுதறதுக்கு முன்னாடி ஹோட்டல்ல ஒண்ணு விசாரிச்சுட்டு வாடா. அன்னிக்கு மத்தியானம் உருளைக்கிழங்கு எப்படி வெந்திருந்துச்சுன்னு கேளு."

ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்வதற்கு முன்னால் அத்தானைச் சொல்லியாக வேண்டும்.

2

'ஹோட்டலின் தலைமைச் சமையல்காரரான அவர், இசையையும் இயற்கையையும் உயிராய் நேசித்த—'

(அடித்துவிட்டேன். இது இரங்கல் அட்டை வாசகம். அவர் காதில் விழுந்தால் கரண்டியோடு வந்திருப்பார்.)

'ஆவி பறக்கும் சமையலறையில், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி—'

(இதுவும் வேண்டாம். அத்தான் நெற்றியைத் துடைத்து நான் பார்த்ததே இல்லை.)

உள்ளதைச் சொல்கிறேன். அத்தான் பாட்டுப் பாடித்தான் நேரம் பார்ப்பார். சுவரில் கடிகாரம் இருந்தது, அது முதலாளிக்கு. பீன்ஸுக்குப் பல்லவி மட்டும். நறுக்கிய உருளைக்கிழங்குக்கு ஒரு பழைய பாட்டு முழுதாக. பாட்டு முடிந்ததும் பக்கத்து அடுப்பில் நிற்கும் கண்ணாடிக்காரர் வந்து தண்ணீரை வடிப்பார்.

இதில் ஒரு வில்லங்கம். மனசு நன்றாக இருந்தால் அத்தான் இழுத்துப் பாடுவார். சரணத்தில் ஒரு வரி பிடித்துவிட்டால் அதையே சுற்றிச் சுற்றி வருவார். கிழங்கு குழைந்துபோகும். கோபம் என்றால் பாட்டு ஓட்டமாய் ஓடும், கிழங்கு நறுக்கென்று கடிபடும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். வீட்டில் கதையே வேறு. அவர் கொண்டுவரும் காய் கூழாகியிருந்தால் அக்காவின் முகம் மலர்ந்துவிடும். "இன்னிக்கு உங்க அத்தான் சந்தோஷமா இருக்கார்" என்று என் தட்டிலும் ஒரு கரண்டி வைப்பாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அத்தானுக்குக் குரல் சுமார்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால் சுமார் என்கிறேன்.]

3

மதிய வேலை முடிந்ததும் மற்றவர்கள் அரிசி மூட்டைகளில் சாய்ந்து குட்டித்தூக்கம் போடுவார்கள். அத்தான் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குக் கிளம்பிவிடுவார். கால்சட்டை முழுக்கப் புல்விதை ஒட்டத் திரும்பி வந்து இரவுச் சமையலுக்கு நிற்பார். அக்காவை எப்போதும் கூப்பிடுவார். அவள் எப்போதாவது போவாள்.

அன்று காலையிலும் கூப்பிட்டார்.

"மத்தியானம் வரியா? மேல காத்து நல்லா இருக்கும்."

"உங்களுக்கென்ன, காத்து வாங்கிட்டு வந்துடுவீங்க. என் முட்டிக்கு யாரு பதில் சொல்றது? சும்மா நச்சரிக்காதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மதியம் சமைத்தார். குன்றேறினார். மேலே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

(இந்தப் பத்தியை அழகாக்கப் பார்த்தேன். பறவைகளையெல்லாம் வரவழைத்தேன். பிறகு எல்லாவற்றையும் விரட்டிவிட்டேன்.)

அக்காவுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தான் கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டாரா? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

4

போய்க் கேட்டேன்.

"குழைஞ்சுதான் போச்சு" என்றார் கண்ணாடிக்காரர். "மாஸ்டர் ரெண்டாவது சரணத்தை விடவே இல்ல. முதலாளிகூட கத்தினாரு."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படிந்திருந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அடுப்பு எதுவும் எரியவில்லை.

"நிஜமாவாண்ணே?"

"அவங்ககிட்ட இப்படியே சொல்லுங்க தம்பி."

இதைப் பதில் என்று எடுத்துக்கொள்வதா? முதலாளியிடம் கேட்கலாம் என்று அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். அவர் வேறு ஏதாவது சொல்லித் தொலைத்தால்?

முடிவு ஒன்று: கிழங்கு குழைந்தது. அவர் பாடிக்கொண்டே குன்றேறினார்.

முடிவு இரண்டு: கிழங்கு நறுக்கென்றிருந்தது. அவர் விறுவிறுவென்று ஏறினார். பாதி வழியில் அவருக்கு—

இல்லை, இதை நான் எழுத மாட்டேன். கை வரவில்லை.

5

அக்கா என் அறை வாசலில் வந்து நிற்கிறாள்.

"என்னடா சொன்னாரு?"

நான் பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும், அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கண்ணாடிக்காரர் அத்தானின் ஆள், அவர் சொன்னாலும் எடுபடாது. நீங்கள் யாரோ. எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, அதனால் நீங்கள் சொன்னால் நம்புவாள். கண்ணாடிக்காரர் சொன்னதையும் படித்தீர்கள், கண்ணாடியைத் துடைத்ததையும் படித்தீர்கள்.

தாளை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். சொல்லுங்கள்.