ஒரு பக்கம் சாய்த்த தையல்

றக்வானைச் சந்தியில் காற்சட்டை மட்டும் தைக்கிற ஆள் நான். ஒருமுறை சட்டை தைத்துப் பார்த்தேன். போட்டுக்கொண்டவரால் கையைத் தூக்க முடியவில்லை. அவர் கைகாட்டி மறிக்கவில்லை என்று நினைத்து பஸ் போய்விட்டதாம். அன்றிலிருந்து இடுப்புக்கு மேலே நான் போவதில்லை.

அப்படிப்பட்டவன் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஒரு குழந்தைப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். என் மனைவி விஜயகலா தைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடச் சொல்லியிருந்தார், தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப். பிள்ளைக்குத் துணி கொண்டுபோகச் சொல்லித் திரும்பத் திரும்ப எச்சரித்தார். விஜயகலா பையில் சோப்பு வைத்தாள், சீப்பு வைத்தாள், தனக்கொரு சேலை வைத்தாள். பிள்ளைக்கென்று ஒன்றும் வைக்கவில்லை.

முதல் பிள்ளைக்கு எல்லாம் வைத்திருந்தாள். பிறக்குமுன் புதுத்துணி வாங்கக்கூடாது என்பது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், வழக்கம். ஆசையில் அதை மீறி, மஞ்சள் தொப்பி வரை வாங்கிவிட்டாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பையை நான் மடியில் வைத்திருந்தேன். மேலே துருத்திக்கொண்டிருந்த தொப்பியைப் பார்த்து, பக்கத்து சீட்டுச் சிங்கள அம்மா, "பபா கோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிள்ளை எங்கே என்று. எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல சிங்களம் தெரியும். அன்றைக்குத் தெரியாதவர்கள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அதனால்தான் இந்த முறை அவள் வயிற்றைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. பேச வேண்டி வந்தால் "இது" என்பாள்.

"பழைய துணிக்குத் தோஷம் இல்லதானே கலா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"என்னமோ செய்ங்க. என் கண்ணுல காட்டாதீங்க."

நான் இடுப்பில் கட்டுகிற கருநீலச் சாரம் ஒன்றும், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வெள்ளை வேட்டி ஒன்றும் எடுத்துக் கடைக்குப் போனேன். சதுரம் சதுரமாக வெட்டி, நீலத்துக்கு வெள்ளை, வெள்ளைக்கு நீலம் என்று மூட்டினேன். பிறகு ஒவ்வொரு தையலையும் பின்பக்கம் இரண்டாக விரித்து, அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். காற்சட்டைக்கு அப்படித்தான். விரித்துத் தேய்த்தால்தான் தொடையில் உறுத்தாது. உலகத்துத் தையல் எல்லாம் அப்படித்தான் என்று நான் நம்பியிருந்தேன். உள்ளே மெல்லிசாக இலவம்பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து, நெடுகத் தைத்து முடித்தேன். அதை விட அழகான பொருளை நான் செய்ததில்லை. போட்டிக்கும் வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டிக்கொண்டு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தேன். விஜயகலா முதுகைக் காட்டி உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா டெயிலரு, போர்வைன்னு சொன்னாங்க? காச்சட்டைத் துணியாட்டமில்ல மடிப்பு வச்சிருக்க. ஜிப்பு எங்கடா?"

"மறந்துட்டேன்க்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள வச்சிர்றேன்."

அக்கா போர்வையை வாங்கி ஓர் உதறு உதறினார். ஒவ்வொரு தையலிலிருந்தும் பஞ்சு கிளம்பியது. கோடு கோடாக வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே நாளில் என் போர்வைக்கு நரை விழுந்துவிட்டது.

"இந்தா, பேரன் பேத்தி எடுத்துருச்சுடா இது!" என்று அக்கா இருமிக்கொண்டே சிரித்தார்.

காம்பரா முழுக்கப் பஞ்சு பறந்தது. சுளகுச் சத்தம் நின்றது. விஜயகலா திரும்பினாள். கையை ஊன்றி எழுந்து வந்து, போர்வையைப் பிடுங்கி, ஒரு தையலை நகத்தால் நெருடினாள்.

"தையல விரிச்சா தேச்சீங்க?"

"ஆமா."

"அப்ப ரெண்டு துணிக்கும் நடுவுல வெறும் நூலுதானே நிக்கிது? பஞ்சு வராம என்னா செய்யும்? தலகாணி ஒன்னு தச்சிருந்தாத் தெரியும்."

"காச்சட்டைக்குள்ள நாங்க பஞ்சு வைக்கிறதில்லையே கலா..."

"வெளையாடாதீங்க! புள்ள மூக்குல ஏறும்ங்க!"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. புள்ள என்கிற அந்த வார்த்தை இத்தனை மாதத்தில் எங்கள் காம்பராவில் விழவில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடிக்காமல் எழுந்திருக்காத அழகம்மா அக்கா, கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து நெடுந்தையலைப் பிரித்தோம். பஞ்சை எடுத்துச் சட்டியில் போட்டு மூடினோம். நான் சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். அவள் தண்ணீர் தெளித்தாள்.

"ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒரே பக்கமாச் சாயிங்க. நீலத்துப் பக்கமா. வெள்ளப் பக்கம் சாய்ச்சா நெழல் தெரியும்."

சாய்த்தேன்.

"அடுத்த வரிசைய எதிர்ப்பக்கம் தள்ளுங்க. எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளுனா மூலையில திரண்டுக்கும். புள்ளைக்குக் குத்தும்."

அவள் மறுபடியும் 'புள்ள' என்றதைக் கேட்டும் கேட்காதவன் மாதிரி எதிர்ப்பக்கம் தள்ளினேன். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. அதிகாரிமார் காற்சட்டைக்குக்கூட நான் அவ்வளவு மெதுவாகப் பெட்டியை நகர்த்தியதில்லை.

கடைசி வரிசையில் அவள் விரல் தையல்மேலேயே நின்றுவிட்டது.

"இந்த வாட்டி தங்கிருமாங்க?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற வாய் எனக்கு. தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கட்டாயம் தங்கும் என்று சொல்லலாம்; போன முறை அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

"தெரியல கலா," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, துணியின் மறுமுனையைப் பிடித்து, நான் தேய்ப்பதற்கு வாகாக இழுத்துக் கொடுத்தாள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

தேய்த்து முடிந்ததும் போர்வையைப் பாயில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"நீளம் பத்தாது. இன்னொரு வரிசை சேருங்க. கால ஒதச்சா வெளிய தெரியும்."

பிறகு அதற்குப் பக்கத்தில் வெறும் பாயில், பிள்ளையின் தலை இருக்கும் இடத்திலிருந்து கால் வரை, கையால் சாண் போட்டு அளந்து காட்டினாள்.