டெம்சியைக் கேட்டீர்களா?

மாணவி ஒருத்தியின் நீக்கம் குறித்த விசாரணை தொடங்குமுன், தலைமையாசிரியர் டெனிஸ் ஓக்டன் பிஸ்கட் டப்பாவுடன் அறைக்குள் வந்து அமர்ந்தார். பள்ளி நிர்வாகத்தின் மூவர் குழுவுக்குத் தலைவியான ஹெஸ்டர் பிளைத் அவருடைய நெடுநாளைய தோழி. கணவரை இழந்தபின் ஹெஸ்டரின் வீட்டுக்கு வந்துபோகிற ஒரே மனிதர் அவர்தாம்.

“டீ ஆறிடப் போகுது ஹெஸ்டர், குடி.”

“டெனிஸ், நீ இங்க இருக்கக் கூடாது. அந்தப் பொண்ணும் அம்மாவும் வராந்தாவுல இருக்காங்க. வந்தா ரெண்டு தரப்பும் ஒண்ணா வரணும், போனா ஒண்ணாப் போகணும்.”

“அடேயப்பா! ஒரு பிஸ்கட்டுல உன்னை வளைச்சுப் போட்ருவேனா?”

“வெளிய உக்காந்து பாக்குறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்.”

அவர் சிரித்தபடி எழுந்தார். ஆயினும் டப்பாவைக் கையோடு எடுத்துச்சென்றார்.

பின்னர் இரு தரப்பாரும் அழைக்கப்பட்டனர். பதினான்கு வயது டெம்சி, சக மாணவன் ஒருவனைப் படிக்கட்டில் தள்ளிவிட்டாள். அவன் கை முறிந்தது. அன்று மாலையே டெனிஸ் அவளை நிரந்தரமாக நீக்கிவிட்டார். குழுவும் அதை ஆமோதித்தால் அப்பள்ளியின் கதவு அவளுக்கு இனித் திறவாது.

“நீக்குறதுக்கு முன்னாடி டெம்சியை விசாரிச்சீங்களா?” என்று ஹெஸ்டர் வினவினார்.

“விசாரிக்க என்ன இருக்கு? பாதிப் பள்ளிக்கூடம் பாத்துச்சு.”

“விசாரிச்சீங்களா, இல்லையா?”

“இல்ல.”

டெம்சி தலை நிமிரவில்லை. “அவன் என் பையைப் பிடிச்சு இழுத்தான். விடுன்னேன், விடல. இத யாருமே கேக்கல.”

இரு தரப்பாரும் வெளியேறினர். உறுப்பினர் ஒருவர் நீக்கம் சரி என்றார். மற்றவர் தவறு என்றார். முடிவு ஹெஸ்டரின் தலையில் விழுந்தது. முறிந்த கை பொய்யன்று. டெனிஸும் கெட்டவரல்லர், அவசரப்பட்டவர். ஆனால், வாய் திறக்க விடாமல் ஒரு பிள்ளையை வெளியே தள்ளுவது எவ்வாறு நியாயமாகும்?

அவர்களை மீண்டும் அழைத்து, “டெம்சியைத் திரும்பச் சேத்துக்கணும்,” என்று அறிவித்தார்.

தாய் நன்றி சொல்லவில்லை. “இத்தனை நாளா வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாளே, அத யாரு திருப்பிக் குடுப்பா?” என்று கேட்டுவிட்டு மகளை அழைத்துச்சென்றாள். டெனிஸ் எவரையும் பாராமல் வெளியேறினார்.

எல்லோரும் சென்றபின், தீர்ப்பின் காரணங்களை எழுத ஹெஸ்டர் தனியே அமர்ந்தார். டெனிஸுக்கென்று ஆறுதலாக ஒரு வரி சேர்க்க மனம் தவித்தது. ஆனால் இரு தரப்பாருக்கும் ஒரே கடிதம்தான் போகவேண்டும்.

அந்த வரி இல்லாமலே கையொப்பமிட்டார்.