நியூட்டுக்கு அம்மை

முத்துமீனாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. திருநகர் வீட்டின் படுக்கையறையில், ஏசிக்குக் கீழே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் அவள் வளர்க்கும் நியூட், அதாவது பல்லி உடம்பும் தவளைத் தோலுமாக விரல் நீளத்தில், சூடு தாங்காத ஒரு பிராணி, தண்ணீரை விட்டேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. இதன் ஜோடி போன வாரம்தான் செத்தது. தண்ணீரில் பூஞ்சை. இதையும் பறிகொடுத்தால் அவளால் தாங்க முடியாது.

தண்ணீரில்லாத வீடு ஒன்றைச் சுத்தமாகத் தயார்செய்து, தேறும்வரை அதில் வைக்க வேண்டும். புது பிளாஸ்டிக் டப்பாவை வெந்நீரில் மட்டும் கழுவினாள். சோப்பு வாடைகூட ஆகாது. கம்பியைச் சுட்டு மூடியில் ஓட்டை போட்டாள். கொதித்து ஆறிய தண்ணீரில் டிஷ்யூ பேப்பரை நனைத்து, பிழிந்து விரித்தாள். ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத் துண்டு. மண் கிடையாது, செடி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி வார்டெல்லாம் கெட்டது போங்கள். கையை நனைத்துக்கொண்டு நியூட்டை எடுத்து உள்ளே விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து அழைப்பு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவளை மாதம் ஒருமுறை நேரில் பார்க்காவிட்டால் மேனேஜருக்குத் தூக்கம் வராது. கணவன் ஜெயபாண்டி பெங்களூரில் இருந்தான். வீட்டில் இருந்தது சோழவந்தானிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் தங்கப்பொண்ணு மட்டும்தான். அந்த அறையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்.

“அத்தை, ஏசிய அமத்தாதீக. டப்பாவத் தெறக்காதீக. கை வைக்காதீக. கரண்டு போனா மட்டும் போன் பண்ணுங்க.”

“நான் ஏந்தாயி அதத் தொடப் போறேன்? நீ போயிட்டு வா.”

மீட்டிங்கில் யார் என்ன பேசினார்களோ, அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. காலாட்டினாள், பேனா மூடியைக் கடித்தாள், மின்வெட்டு அறிவிப்பு ஏதும் உண்டா என்று போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளை விட்டதும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“எப்படியிருக்கு அத்தை?”

“சொன்னாப் பதறக் கூடாது. டப்பாச் சொவத்துல ஏறி நின்னுச்சு. அப்பத்தான் வயித்தப் பாத்தேன். செக்கச் செவேல்னு, புள்ளி புள்ளியா, அம்மை போட்டிருக்குத்தா. மஞ்சத்தண்ணி தெளிச்சு வேப்பிலை பரப்பிட்டேன். ஆத்தா எறங்கிருவா.”

மேலே பட்டதையெல்லாம் தோலாலேயே குடிக்கிற பிராணி அது. முத்துமீனா மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஸ்கூட்டியை எடுத்தாள். பழங்காநத்தத்து நெரிசலில் முன்னால் நின்ற பஸ்ஸை வாய்க்குள் திட்டித் தீர்த்தாள். வீட்டு கேட்டில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. உள்ளே தாளித்த வாசனையே இல்லை. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாதென்று அத்தை வெறும் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்.

டப்பா முழுக்க மஞ்சள். இலைக்கு நடுவில் நியூட் துவண்டு கிடந்தது. உள்ளங்கையில் ஏந்தி, ஆறிய தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றிக் கழுவினாள்.

“அது அம்மையில்ல அத்தை, அதோட நெறமே அதான்! பொறவியிலயே வயிறு செவப்பு! யாரக் கேட்டு இதெல்லாம் செஞ்சீக?”

அத்தையின் முகம் சுண்டிப் போனது. “அமத்தாத, தெறக்காத, தொடாதன்னு அம்புட்டும் சொன்ன. வயிறு செவப்புன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

முத்துமீனா குனிந்து, நியூட்டின் வயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் வழித்தாள்.

“மொதல்ல செத்தது மல்லாக்கக் கெடந்துச்சுல்ல, அதுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கு நீ சோறு திங்கல. பாத்ரூம்ல தண்ணியத் தெறந்துவிட்டு அழுத. இதுவும் போயிருச்சுன்னா எம்மருமக என்னத்துக்கு ஆவான்னுதான் கைய வச்சேன். இல்லன்னா இந்தக் கருமத்த நான் தொடுவனா?”

யாருக்கும் கேட்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வேறொரு டப்பாவை எடுத்து, ஓட்டுத் துண்டைக் கழுவி உள்ளே வைத்தாள். அத்தை கேட்காமலேயே டிஷ்யூவை நனைத்து நீட்டினார். “இம்புட்டு ஈரம் போதுமா?”

“இன்னும் கொஞ்சம் பிழியுங்க அத்தை.”

நியூட்டை அதில் கிடத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஏசி என்றாலே ஆகாத அத்தை போர்வையைச் சுற்றிக்கொண்டு நகராமல் இருந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் தொண்டை லேசாகத் துடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கால் அசைந்தது. தட்டுத்தடுமாறி ஊர்ந்து ஓட்டுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

“பாத்தியா, நீ தலைக்குத் தண்ணி ஊத்துனேல்ல, ஆத்தா எறங்கிட்டா,” என்றார் அத்தை. அம்மை இறங்கியவர்களுக்குத்தான் அப்படி ஊற்றுவது வழக்கம். முத்துமீனா தலையாட்டினாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எதிர் வீட்டு சுபலட்சுமி, வேப்பங்கொத்தைக் கண்டு கேட்டுக்கு வெளியிலேயே தள்ளி நின்றாள். “யாருக்கு அம்மை, மீனா?”

பின்னாலேயே வந்த அத்தையின் போர்வை நிலைப்படியில் சரசரத்தது. பல்லிக்கு வேப்பிலை போட்ட கிழவி என்று தெருவே சிரிக்கும். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“எங்க வீட்டுச் சின்னதுக்குக்கா,” என்றாள் முத்துமீனா. “அத்தைதான் பாத்துக்கிட்டாக. தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு.”