ஆறாம் ஆரோக்கியவான்

மனித குலத்துக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், வரும் செவ்வாய்க்கிழமை காலை, பிரிஸ்பேன் நகரில், எங்கள் ஆய்வு நிறுவனத்தின் தரைத்தள அரங்கில், மாநில அமைச்சர் முன்னிலையில், ராஸ் ரிவர் காய்ச்சலின் எதிர்காலம் ஒரு சொட்டு ரத்தத்தில் படித்துக் காட்டப்படும். தேநீரும் சாசேஜ் ரோலும் உண்டு.

இதைப் பேராசிரியர் அலிஸ்டர் ட்ரெவஸ்கிஸ் தம் கையாலேயே தட்டி நிறுவனம் முழுவதற்கும் அனுப்பியிருந்தார். மனித குலம் அதில் பல இடங்களில் வந்தது. சாசேஜ் ரோல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. வருகிறேன் என்று பதில் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் சந்தேகம் கேட்டிருந்தார்கள்.

கண்டுபிடிப்பு இதுதான். எங்கள் ஊர்க் கொசு கடித்து இந்தக் காய்ச்சல் வந்தால் சிலர் இரண்டு வாரத்தில் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் முட்டியும் மணிக்கட்டும் வீங்கி, ஜாம் பாட்டிலைக்கூடத் திறக்க முடிவதில்லை. யாருக்கு எது என்று எந்த மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ட்ரெவஸ்கிஸ் சொல்கிறார்: ரத்த அணுக்கள் தங்கள் மேல்தோலில் ஏற்பிகளை அணிந்திருக்கின்றன. அணு கலவரப்பட்டால் அவற்றை உதிர்த்துவிடுகிறது. உதிர்ந்தவை ரத்தத்தில் மிதக்கின்றன. அப்படி மிதக்கும் பதினான்கு வகை ஏற்பிகளை அளந்தால், யாருக்கு வலி நிலைக்கும் என்று அன்றே சொல்லிவிடலாம்.

பதினான்கையும் ஒரே குழியில் அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. பிளேட்டில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகள், பதினான்கு சிவப்புச் சாயல்களில். ஒவ்வொரு சாயலும் தனக்கென ஓர் ஏற்பியை மட்டும் பிடிக்கும். பிடிக்கும் கை, எலியிடமிருந்து எடுத்த எதிர்ப்புரதம், அதாவது ஆன்டிபாடி. பிடிபட்டதன் தலையில் இன்னொரு எலி எதிர்ப்புரதம் விளக்கோடு வந்து உட்காரும். கீழே ரொட்டி, நடுவில் சரக்கு, மேலே ரொட்டி. விளக்கு எரிந்தால் நடுவில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனைகளிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமே, அதற்கு நாங்கள்தான். உலகத்தில் பல ஆய்வகங்களில் உள்ள வழக்கம் இது. காலைத் தேநீர் வேளையில் கையை நீட்டி ஒரு குழாய் கொடுத்தால் ஒரு லாமிங்டன் கேக். யாருடைய ரத்தம் எது என்று தெரியக்கூடாது என்பது அறநெறிக் குழுவின் விதி. அதனால் பத்துக் குழாய்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் எண் ஒட்டுவோம். பத்து ஆரோக்கியவான்கள். முகமில்லாத, பெயரில்லாத, உயிரியல் விஞ்ஞானத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் நலமான பத்துப் பேர்.

வியாழக்கிழமை, புள்ளிவிவரக்காரன் டேமியன் திரையில் வரைபடத்தைப் போட்டான். மேலே நோயாளிகளின் புள்ளிகள், கீழே ஆரோக்கியவான்களின் புள்ளிகள். நடுவில் ஒரு லாரியே போகலாம். ஆனால் ஆரோக்கியவான்களில் ஒரு புள்ளி மட்டும் நோயாளிகளுக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?" என்றார் ட்ரெவஸ்கிஸ். அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். மேக்பை பறவைகள் தலையில் கொத்தும் பருவம் என்பதால் ஹெல்மெட்டைச் சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குத்திட்டு நிற்கும்படி கட்டியிருந்தார். அந்தத் தலையோடு யார் என்ன கேட்டாலும் கம்பீரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

"ஆறாம் நம்பர்."

"ஆறாம் நம்பர்னா யாரு?"

"தெரியாதுங்க. தெரியக்கூடாதுன்னுதானே குலுக்கினோம்."

"பதினாலும் ஏறியிருக்கா?"

"பதினாலும். அந்த லிம்ஃபோமா சமாச்சாரத்துல ஏறுமே, அந்த ஏற்பி இருக்கறதுலயே ஜாஸ்தி."

அந்தச் சொல்லை அவன் சொல்லியிருக்க வேண்டாம். நிணநீர்ப் புற்றில் அந்த ஏற்பி ஏறும் என்பது எங்கள் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆறாம் ஆரோக்கியவான் எங்களில் ஒருவர் என்பதும் தெரியும்.

பேராசிரியர் திரையில் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். "இந்த ஆளு ஆரோக்கியமா இல்ல. ஆரோக்கியமா இல்லாதவரு ஆரோக்கியவான் கூட்டத்துல இருக்கக்கூடாது. தூக்கிடு" என்றார். தர்க்கம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

அன்று மதியத்திலிருந்து எல்லோரும் கழுத்தைத் தடவ ஆரம்பித்தோம்; நிணநீர்க் கட்டி முதலில் தட்டுப்படுவது அங்கேதான். டேமியன் ஹெட்போனைச் சரிசெய்வது போலத் தடவினான். கிடங்குக்காரர் சொறிவது போல. பேராசிரியருக்கு ஹெல்மெட் வாரை அவிழ்க்க வழக்கத்தைவிட நேரமெடுத்தது. நானும் தடவினேன். ஏதோ தட்டுப்பட்டது. அது குரல்வளை. பிறகு ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தோம். லாமிங்டன் வேண்டாம் என்றவனுக்குப் பசி போய்விட்டதோ என்று பார்த்தோம். இரண்டு எடுத்தவன் மறைக்கப் பார்க்கிறானோ என்று பார்த்தோம். வெள்ளிக்கிழமை டேமியன் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு அரை நாள் காணாமல் போனான். திரும்பி வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. பல்லைப் பிடுங்க அங்கே குத்துவதில்லை.

பேராசிரியரின் சந்தேகம் வேறு ஜாதி. அவர் லானைச் சந்தேகப்பட்டார். லான் ஹுவின் இனாலா புறநகரில் வளர்ந்த வியட்நாமியப் பெண். எங்கள் பிளேட்டுகளைப் போடுகிறவள். மெல்போர்னில் இருக்கும் போட்டி ஆய்வகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு. ஆறாம் குழியில் நோயாளி ரத்தம் தெறித்திருக்குமோ, தெறிக்க வைக்கப்பட்டிருக்குமோ என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு டேமியனிடம் கேட்டார். எங்கள் கதவுகள் அவ்வளவு தடிமன் இல்லை.

எல்லோரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் நிச்சயமாக நம்பினாள், அது தான்தான் என்று. நோலீன் கிராட்ஸ்மன் எங்கள் ஆய்வகத்தின் அன்றாட வேலைகளை நடத்துகிறவள். கீழ்த்தளத்து எலிக்கூடத்தில் தீனி போடும் வேலையில் தொடங்கி, படிப்படியாக மேல்தளத்துக்கு வந்தவள். எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். பேராசிரியரை முகத்துக்கு நேரே நீ என்று சொல்லும் ஒரே ஆளும் அவள்தான். கொஞ்ச நாளாக இரவில் அவளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர், வயது என்றார். பக்கத்து வீட்டுக்காரி, குயின்ஸ்லாந்து வெக்கை என்றாள். நோலீனின் அக்கா ஷெரிலுக்கும் அப்படித்தான் வேர்த்தது. வயது என்றுதான் அவளிடமும் சொன்னார்கள். அவள் வீட்டை விற்று, நாயை நோலீனிடம் கொடுத்துவிட்டு, மறு கோடைக்குள் போய்ச் சேர்ந்தாள்.

ரகசியம் பேச எங்களிடம் இருப்பது குளிர் அறைதான். அங்கே மின்விசிறி போடும் இரைச்சலில் எதுவும் வெளியே கேட்காது. நோலீன் லானை அங்கே கூப்பிட்டுக்கொண்டு போனாள். என்ன பேசினார்கள் என்பது பிறகு லான் சொல்லித்தான் தெரியும்.

"கண்ணு, என் ரத்தத்த மட்டும் தனியா ஒரு குழில போட்டுப் பாரேன்."

"அப்படிப் போடக்கூடாது நோலீன். அதுக்குத்தானே பேர் இல்லாம வாங்கறோம்."

"பேர் இல்லாம நான் வாங்கின மாதிரி யாரும் வாங்கல. டப்பாவக் குலுக்கினதே நான்தான். இப்ப பேரோட குடுக்கறேன். நோலீன். எழுதிக்கோ."

"கட்டி ஏதாவது இருக்கா?"

"இல்ல. அதான் பயம். ஷெரிலுக்கும் வெளியில ஒண்ணும் தெரியல."

லான் போட்டாள். சனிக்கிழமை. வாரக்கடைசி என்பதால் கட்டிடத்தில் ஆளில்லை. வெளியே ஜகரண்டா பூக்கள் வாகன நிறுத்துமிடம் முழுக்க ஊதாவாகக் கொட்டிக்கிடந்தன, குப்பைத் தொட்டியில் அரிவாள் மூக்கன்கள் யாருடைய மதிய உணவையோ கிளறிக்கொண்டிருந்தன. இயந்திரம் மணிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சிப் படித்தது. பதினான்கும் ஏறின. ஆறாம் ஆரோக்கியவான் நோலீன்தான்.

நோலீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாய யாருகிட்ட குடுக்கறது?" என்று மட்டும் கேட்டாளாம்.

லான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்குக்கும் அப்பால் பதினைந்தாவதாக ஒரு மணி உண்டு, வெறும் மணி. அதன் மேலும் எலி எதிர்ப்புரதம் இருக்கும், ஆனால் ரத்தத்தில் இருக்கும் எதையும் அது பிடிக்காது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மட்டும் அதைப் போடுவோம். ஒழுங்காகத்தான் நடக்கும் என்ற தைரியத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. லான் பார்த்தாள். எதையும் பிடிக்காத அந்த மணியிலும் விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"நோலீன், எலிக்கூடத்துல இருந்தப்ப எலி கடிச்சிருக்கா?"

"கடிக்காத நாளச் சொல்லு."

நடந்தது இவ்வளவுதான். எலிகள் கடித்துக் கடித்து, நோலீனின் உடம்பு எலிப் புரதத்துக்கு எதிராகவே ஒரு படை திரட்டி வைத்திருந்தது. அந்தப் படை கீழ் ரொட்டியை ஒரு கையாலும் மேல் ரொட்டியை மறு கையாலும் பிடித்துக்கொண்டது. நடுவில் சரக்கே இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. லான் நோலீனின் ரத்தத்தில் கொஞ்சம் எலிச் சீரத்தை, அதாவது எலி ரத்தத்தின் தெளிந்த நீரை, கலந்து, அந்தப் படைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டாள். பதினான்கும் தரையில் கிடந்தன.

நோலீன் அழவில்லை. வீட்டுக்குப் போய் நாயைக் குளிப்பாட்டினாள்.

லான் போகவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவளால் பஸ் ஏற முடியாது. நோயாளிகளின் ரத்தத்தில் மிச்சமிருந்ததை எடுத்து அதிலும் எலிச் சீரம் கலந்து போட்டாள். அவர்களை எந்த எலியும் கடித்ததில்லை. ஆனால் காய்ச்சலில் வெகுண்டெழுந்த உடம்பு, எந்த எதிர்ப்புரதம் கண்ணில் பட்டாலும் அதன் வாலைப் பிடித்துத் தொங்கும் ஒரு ரக எதிர்ப்புரதத்தை உண்டாக்கிவிடும்; மூட்டுவலிக்காரர்களிடம் அது ஏராளம். நோயாளிகளின் புள்ளிகளும் இறங்கின. எல்லாம் இல்லை, ஆனால் லாரி போகும் இடைவெளியில் இப்போது சைக்கிள்கூடப் போகாது.

திங்கட்கிழமை லானும் நோலீனும் பேராசிரியரின் அறைக்குப் போனார்கள்.

"ஆறு யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் லான். "நோலீன்."

ட்ரெவஸ்கிஸின் முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் வந்தன. இரக்கமும் வந்தது, ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது நிம்மதி. கை தானாகக் கழுத்திலிருந்து இறங்கியது. நோலீன் அதைப் பார்த்தாள். எலிக்கூடத்துக் காலம் தொட்டு அவனைத் தெரியும், இப்படிப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாள்.

லான் எலிக் கதையைச் சொன்னாள். அவர் மலர்ந்தார். "அருமை. அப்ப அவங்கள நீக்க முறையான காரணமே கெடச்சுடுச்சு."

லான் இரண்டாவது பிளேட்டின் வரைபடத்தை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தன் பக்கம் திருப்பினார்.

"இத யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"எலிச் சீரம் காலாவதி ஆயிடுச்சான்னு பாத்தியா?"

"பாத்தேன். ஆகல."

"மெல்போர்ன்ல உனக்கு இன்டர்வியூ எப்ப?"

"அலிஸ்டர்," என்றாள் நோலீன், "நாளைக்கு நிறுத்திடு. கொஞ்ச நாள் தள்ளிப் போடு. அமைச்சர் கோச்சுக்க மாட்டாங்க."

"தள்ளிப் போடறதுக்கு ஒரே ஒரு பிளேட்டு போதுமா? ஒரு பிளேட்ட வெச்சு நான் முடிவுக்கு வர மாட்டேன். அது விஞ்ஞானம் இல்ல. செவ்வாய்க்கிழமை முடியட்டும், பொறுமையா மறுபடி போடலாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவருடைய கண்டுபிடிப்பும் ஒரே ஒரு முறை போட்ட பிளேட்டில் இருந்து வந்ததுதான் என்பதைத் தவிர.

செவ்வாய்க்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அமைச்சர் முன்வரிசையில் குனிந்து குறிப்பெடுத்தார். பேராசிரியர் ஹெல்மெட் இல்லாமல் உண்மையிலேயே பேராசிரியராகத் தெரிந்தார். மனித குலம் மூன்று முறை வந்துபோனது. பிறகு திரையில் வரைபடம் எழுந்தது. மேலே நோயாளிகள், கீழே ஆரோக்கியவான்கள், நடுவில் பழையபடி லாரிப் பாதை. கீழே ஒன்பது புள்ளிகள். ஓரத்தில் டேமியன் சின்ன எழுத்தில் போட்டிருந்தான்: உடல்நலக் காரணங்களால் ஒருவர் நீக்கப்பட்டார்.

நான் லானைத் தேடினேன். கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்த இரண்டாவது வரைபடம் நான்காக மடித்திருந்தது. நோலீன் பின்வரிசையில், சாசேஜ் ரோல் தட்டோடு, தக்காளி சாஸ் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

கைத்தட்டல் அடங்கியதும் கேள்வி நேரம். யாரும் கேட்கவில்லை. அமைச்சர்தான், அமைச்சர்களுக்கே உரிய கனிவோடு, சின்ன எழுத்தைச் சுட்டிக்காட்டினார்.

"நீக்கப்பட்ட அந்த ஒருத்தர், பாவம், இப்ப எப்படி இருக்காங்க?"

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். அரங்கமே அவரோடு சேர்ந்து தாழ்ந்தது. "நல்ல கவனிப்புல இருக்காங்க" என்றார்.

நோலீன் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"அது நான்தாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. எலி கடிச்சது."