எழுபது மீட்டர் உயரத்தில் ஒரு வயிறு

“வெளியில வாங்க. கதவத் திறந்து என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லுங்க. நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஆக்கி அனுப்புறது எவ வாய்க்குப் போகுது?”

குளியலறைக் கதவு பதில் சொல்லவில்லை. உள்ளே குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“தண்ணியத் திறந்துவிட்டா நான் பேசுறது கேக்காதுன்னு நெனைப்பா? அடுத்த தெருவுக்கே கேக்குது.”

அது நூற்றுக்கு நூறு உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்த விசாரணையை முழுக் கட்டடமும் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒரே துண்டை நாலு தடவை உதறி நாலு தடவை காயப் போட்டார். வீட்டுக்காரர் உள்ளே போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது என்பதுவரை அவருக்குக் கணக்குத் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் வீட்டம்மாவின் தம்பி. தண்ணீர் லாரி ஓட்டுபவன். அக்கா வீட்டில்தான் தங்கல், அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அதற்குப் பதிலாக ஊர்ச் செய்திகளைத் தவறாமல் கொண்டுவந்து சேர்ப்பான். முந்தின நாள் மாமா வேலை பார்க்கும் கட்டடத்துக்குத் தண்ணீர் இறக்கப் போனவன், மத்தியானம் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டான். அக்கா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா இன்னொருத்தியின் மடியில் இருந்தது. அவள் பொரித்த மீனை முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

“நம்ம டப்பாதான்க்கா. சிக்னல் குடுக்குற அந்தப் பொம்பள. ‘அண்ணே அண்ணே’ன்னுதான் பேசுது,” என்றான், நியாயமாக நடந்துகொள்ளும் தோரணையில்.

“அண்ணேன்னு கூப்பிட்டா ஆச்சா? அதுக்கப்புறம் எத வேணாலும் வாங்கித் திங்கலாமா?” என்றாள் அக்கா.

உள்ளே, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. இந்தச் சண்டையை முடிக்க அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ‘எனக்கு வயிறு சரியில்லை, அதனால்தான் சாப்பிடுவதில்லை.’ அவ்வளவுதான். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது, திரும்பிப் போய்விட்டது. பெண்டாட்டி கெட்டவன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வயிற்றை அடக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடக் கூடாது என்று முடிவு செய்து, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோபுரக் கிரேன் ஓட்டுபவர். தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு பிடிகள், ஒரு வாக்கி டாக்கி. காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் கூண்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். ஒரு மணிக்குத்தான் இறங்கலாம். தெருவில் அவருக்கு ‘உச்சாணி’ என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டால்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார், கொஞ்சம் பெருமைதான்.

உச்சாணிக்கு வயிற்றுத் தொல்லை ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு நாள் பேதியாகும், நாலு நாள் போகவே போகாது. வயிறு உப்பும், முறுக்கும். எது ஆகாது என்று பிடிபடவில்லை. நேற்று ஒத்துக்கொண்ட அதே சோறு இன்று ஆளைச் சுருட்டிப் போடும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். “ஒண்ணுமில்ல, கவலைப்படாதீங்க,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வீட்டில் கேட்டபோது, வேலைக்கான உடல் தகுதிச் சான்றிதழுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போதே ஒரு நாள், கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் தாங்க முடியாமல் பாதியில் இறங்க வேண்டியதாயிற்று. கிரேன் நின்றால் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நின்றார்கள். நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து, ஒரு மனிதர் இருபது நிமிட ஏணியை ஆறே நிமிடத்தில் இறங்குவதைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் வாக்கி டாக்கி எல்லாம் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் இருபது பெட்டியில் கேட்கும். பொறியாளர் பேசினார்.

“வழி விடுங்கப்பா, உச்சாணிக்கு அவசரம். மேலேருந்து எதுவும் விழுந்துடப் போகுது.”

இருபது பெட்டியும் சிரித்தன. அந்தச் சிரிப்பு ஒரு வாரம் ஓடியது.

அன்றோடு உச்சாணி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். காலையில் வெறும் வயிறு, தண்ணீரும் கிடையாது. மத்தியானச் சாப்பாடு சிக்னல்காரிக்கு. அவள்தான் கீழே நின்று, எதை எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்பவள். “எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடும்மா,” என்பார். முனை மருந்துக்கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று போட்டால் வயிறு வாயை மூடிக்கொண்டு கிடக்கும். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஆறு நாள் இப்படி அடைத்துவைத்ததற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறொரு பொடி. அதன் வேலைதான் இப்போது குளியலறைக்குள் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட்டாயிற்று. வீட்டில் கேட்டால், ஏணி ஏறுற உடம்பு இப்படித்தான் இருக்கும் என்பார்.

திங்கட்கிழமை வீட்டம்மாவிடமிருந்து டப்பா வரவில்லை. “அவளையே ஆக்கிப் போடச் சொல்லுங்க,” என்று மட்டும் வந்தது. செவ்வாயும் அப்படியே. அதற்குள் எதிர்வீட்டு அம்மாளின் தயவில் தெரு முழுக்க, உச்சாணிக்கு வேறு குடித்தனம் இருக்கிறது என்பதுவரை கதை வளர்ந்திருந்தது. அவர் தலை குனிந்து நடந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுக்காதது போதாதா, தெரு நம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். இரண்டு டன் கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டு பத்தொன்பதாவது தளத்துக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தளத்தில் பன்னிரண்டு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது உச்சாணியின் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தது போல இருந்தது. வலி முதுகுக்கு ஓடியது. உள்ளங்கை நனைந்து பிடி வழுக்கியது. கண்ணாடிக்கு வெளியே வெயில் அடித்தது, ஆனால் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கையை எடுத்தார். கம்பிக் கட்டு ஆடியபடி அந்தரத்தில் நின்றது.

“என்ன உச்சாணி, நிறுத்திட்டே? பழையபடி அவசரமா?” என்றார் பொறியாளர்.

இருபது பெட்டியில் சிரிப்புக்கான தொண்டைக் கனைப்பு கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிடலாம், முன்பு எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தார். கீழே பார்த்தார். மஞ்சள் தொப்பிகள் இரண்டாகத் தெரிந்தன. ஒரு தொப்பி எங்கே இருக்கிறது என்றே அவரால் சொல்ல முடியவில்லை. மயங்கி விழும்போது கை பிடியின் மேல் விழுந்தால் அந்தக் கம்பி எங்கே போகும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினார்.

“எனக்கு வயிறு சரியில்ல. ரெண்டு வருஷமா சரியில்ல. இப்ப கண்ணு இருட்டுது. கம்பிக்குக் கீழ இருக்கிற ஆளுங்கள நகத்துங்க.”

ஒரு பெட்டியும் சிரிக்கவில்லை. முதலில் பேசியது சிக்னல்காரிதான்.

“அண்ணே, நான் பாத்துக்கிறேன். வேற யாரும் குறுக்க பேசாதீங்க. சார், நீங்களும்தான்.” பிறகு அவள் குரல் நிதானமாக ஏறி வந்தது. “ஆளுங்க நகந்தாச்சு. பதறாதீங்க. இடது பக்கம் திருப்புங்க. இன்னும். இன்னும். போதும். கீழ காலியிடம்தான். இப்ப இறக்குங்க, மெதுவா. உங்களுக்குத் தெரியலன்னாலும் பரவால்ல, எனக்குத் தெரியுது.”

கம்பிக் கட்டு கொஞ்சம் தடாலென்றுதான் மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் யாரும் இல்லை. அதன் பிறகு உச்சாணிக்கு ஒன்றும் நினைவில்லை. இரண்டு பேர் ஏறி, இடுப்பில் வார் கட்டி அவரைக் கீழே கொண்டுவர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று.

மருத்துவமனை வராந்தாவில் வீட்டம்மாவும் தம்பியும் ஓடி வந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் சிக்னல்காரி. தம்பி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். இனி நடப்பதைப் பார்க்க அது நல்ல இடம்.

சிக்னல்காரி முந்திக்கொண்டாள். “அண்ணி, என்னத் திட்டணும்னா திட்டுங்க. ரெண்டு வருஷமா உங்க சாப்பாட்ட நான்தான் சாப்பிட்டேன். இந்த மனுஷன் ஏன் சாப்பிடலன்னு ஒரு நாள்கூட அழுத்திக் கேக்கல. சாப்பாடு அவ்வளவு ருசி. கேட்டிருக்கணும்.”

வீட்டம்மா தயார் செய்து வந்த வசனம் எதற்கும் இது பொருந்தவில்லை. கட்டிலைப் பார்த்தாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கை, அவள் கரண்டிக் காம்பு அளவுக்குத்தான் இருந்தது.

டாக்டரம்மா மாத்திரை அட்டையையும் பொடி டப்பாவையும் மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார். “ஆறு நாள் அடைச்சு வச்சு ஏழாம் நாள் திறந்துவிட, குடல் என்ன அணைக்கட்டா? சோதனையில ஒண்ணும் தெரியலன்னா உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்லைங்க. சில பேருக்குக் குடல் பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யிற விதத்துலதான் தகராறு. உடம்பு இவ்வளவு எளச்சிருக்கிறதால சிலத மறுபடி பாத்துடணும். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. எத சாப்பிட்டா என்ன செய்யுதுன்னு எழுதி வச்சு எடுத்துட்டு வாங்க. ஒரே நாள்ல சரியாகாது. கடையில நீங்களா வாங்கி முழுங்குறத நிறுத்துங்க.”

டாக்டரம்மா போன பிறகு வீட்டம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“வேற பொம்பளன்னு ஊரே சொல்லுச்சு. நானும் கத்துனேன். அப்பகூட வாயத் திறக்கல. வயித்துக்கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழலையா?”

“பொம்பள விஷயம்னா ஊர் பேசும். இதுன்னா சிரிக்கும்,” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. “பேச்சத் தாங்கிடலாம். அந்தச் சிரிப்பு... அது முடியல.”

அவள் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, “தூங்குங்க,” என்றாள், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில். கட்டடத்தில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

இரண்டு மாதம் உச்சாணிக்குத் தரையில் வேலை, சாமான் அறையில். அதற்கும் அவர் பயந்திருந்தார், உச்சியிலிருந்து இறக்கிவிடுவார்களே என்று. ஆனால் அடுத்து ஓட்ட வந்த ஆளும், ஒரு மணிவரை இறங்க முடியாதே என்று, தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் மேலே ஏறுகிறான் என்று சிக்னல்காரி அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். பன்னிரண்டு பேர் தலைக்கு மேல் இரண்டு டன் ஆடியதை அலுவலகம் அதற்குள் மறந்திருக்கவில்லை. காலை பத்து மணிக்கு மாற்று ஆள் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரக்கம் என்று சொல்ல முடியாது, பயம். எதுவாக இருந்தாலும், உச்சாணி சான்றிதழோடு மறுபடி ஏறினார். இப்போதும் சில நாள் முறுக்கும். அன்றைக்குப் பெட்டியில், “இன்னிக்கு முடியல, ஆள அனுப்புங்க,” என்று சொல்லிவிடுவார்.

அதைவிட வேடிக்கை, சாமான் அறைக்கு ஒவ்வொருவராக வந்தது. திருகாணி கேட்டு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவின் விலாசம் கேட்டார்கள். எட்டு பேர். எட்டாவது ஆள் பொறியாளர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

“எனக்கில்ல. என் தம்பிக்கு. ரொம்ப நாளாவே வயிறு ஒரு மாதிரி. வெளிய சொல்லக் கூச்சப்படுறான்.”

பொறியாளர் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது அந்த இடத்தில் சிமெண்ட் மூட்டைக்குக்கூடத் தெரியும். உச்சாணி விலாசத்தை எழுதினார். கொடுக்கும்போது சொன்னார்:

“உங்க தம்பிகிட்ட சொல்லுங்க சார். வயிறு கெட்டுப்போறது குத்தமில்ல. அத மறைச்சு மறைச்சுக் கண்ட மாத்திரைய முழுங்குறதுதான் குத்தம். அடுத்தவன் வயித்தப் பாத்துச் சிரிக்கிறது அதவிடப் பெரிய குத்தம். நீங்க அன்னிக்குச் சிரிக்காம இருந்திருந்தா நான் அன்னிக்கே மறுபடி டாக்டர்கிட்ட போயிருப்பேன். பன்னெண்டு பேர் உயிர் தொங்கியிருக்காது.”

பொறியாளர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தும் ஆயிற்று. சிக்னல்காரி ஒரு மின்தூக்கி பொருத்துபவரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மணப்பெண்ணுக்குத் தாய்வீடாக நின்று அனுப்பிவைத்தவள் நம் வீட்டம்மாதான். எதிர்வீட்டு அம்மாள் இதை இன்றைக்கும் நம்ப மறுக்கிறார். தண்ணீர் லாரித் தம்பி தனி வீடு பார்த்துக்கொண்டான், அக்கா பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் முனையிலேயே இருக்கிறார். பொறியாளருக்குத் தூரத்தில் ஒரு வேலைக்கு மாற்றல். அங்கே ஐந்து தளத்துக்கு ஒரு கழிப்பறை வைத்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தாராம். அவருடைய தம்பிக்கும் இப்போது எவ்வளவோ தேவலை என்று கேள்வி.